பாட்டி எங்கே என்று கேட்டிருந்தீர்கள்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக: "ஐயா, என்னை வளர்த்தது என் பாட்டி. நான் இயேசுவை ஏற்றுக்கொள்வதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். இயேசு என்ற பெயரைக்கூட அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போன மாதம் எங்கள் வேதபாடக் குழுவில் பாட்டியைப் பற்றிக் கேட்டேன். குழுவை நடத்தும் அண்ணன், 'சுவிசேஷத்தைக் கேட்காமல் செத்தவர்களுக்கு நரகம்தான், வேதம் தெளிவாகச் சொல்லுது, இருக்கிறவங்களைப் பாருங்க' என்றார். அன்றிலிருந்து ஜெபம் பண்ண உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. என் பாட்டியை நரகத்தில் போட்டவரை நான் எப்படிப் பிதாவே என்று கூப்பிடுவது? அண்ணன் சொன்னது உண்மையா? இல்லையென்றால் அவரிடம் என்ன சொல்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உங்கள் பாட்டி நரகத்தில் இருக்கிறார் என்று சொல்ல அந்தச் சகோதரருக்கு அதிகாரம் இல்லை. அப்படி ஒரு வசனம் வேதத்தில் கிடையாது. வேதத்தில் இருப்பவை வேறு சில வசனங்கள். அவற்றை அவர் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார், அந்த முடிவைக் கர்த்தரே வாய் திறந்து சொன்னதுபோல உங்களிடம் சொல்லிவிட்டார். அதே வசனங்களை அதே பயபக்தியோடு வாசித்து வேறு முடிவுக்கு வந்தவர்கள் ஆதிச் சபைக் காலத்திலிருந்தே இருக்கிறார்கள். அதற்காக 'பாட்டி பரலோகத்தில்தான் இருக்கிறார், நிம்மதியாக இருங்கள்' என்று நானும் எழுதப்போவதில்லை. அந்த அதிகாரமும் எனக்கு இல்லை.

அந்தச் சகோதரர்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் அதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஊழியத்துக்கு வந்த புதிது. புதிதாக ஞானஸ்நானம் எடுத்த ஒருவருடைய அப்பா இறந்துபோனார் என்று ஆறுதல் சொல்லப் போயிருந்தேன். உடல் உள்ளறையில் இருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "ஐயா, அப்பா எங்க போயிருப்பாரு?" என்று கேட்டார். நான் பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து யோவான் மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசித்தேன், குமாரனை விசுவாசியாதவன் ஜீவனைக் காண்பதில்லை என்ற வசனம். அவர் ஒன்றும் வாதாடவில்லை. மடியில் இருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார், எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வசனத்தில் பிழை இல்லை. ஆனால் விசுவாசியாதவன் என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்குக் கீழ்ப்படிய மறுக்கிறவன் என்று பொருள். அந்த அப்பா எதையும் மறுக்கவில்லை, அவரிடம் யாரும் எதையும் கொண்டுபோகவே இல்லை. இதைக் கல்லூரியில் படித்திருந்தும் அன்றைக்கு நான் நின்று யோசிக்கவில்லை. பிற்பாடு இறையியல் கல்லூரியில் பாடம் எடுக்க ஆரம்பித்தபோது, மாணவர்களுக்கு இந்தக் கேள்வியை வைக்காமல் ஒரு வருடத்தையும் நான் முடித்ததில்லை.

உங்களுடைய கண்ணீர் புதிது இல்லை, சகோதரி. பிரான்சிஸ் சவேரியார் ஜப்பானில் ஊழியம் செய்துவிட்டு 1552 ஜனவரியில் ஐரோப்பாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஜப்பானியர்கள், இறந்துபோன தாய் தகப்பனை, பிள்ளைகளை நினைத்து அழுகிறார்கள், அவர்களை நரகத்திலிருந்து எடுக்க ஒரு வழியும் இல்லையா என்று கேட்கிறார்கள், இல்லை என்று சொன்னதும் அவர்களுடைய அழுகை நிற்கவில்லை, இவ்வளவு பிரியமான நண்பர்கள் அழுவதைப் பார்த்து எனக்கும் வேதனையாக இருக்கிறது என்று அதில் எழுதுகிறார். இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. இன்றைய நெதர்லாந்துக் கடலோரத்தில் வாழ்ந்த ஃபிரிசியர்களின் அரசன் ராட்போடு ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்துவிட்டு, என் முன்னோர்கள் எங்கே என்று கேட்டானாம். நரகத்தில் என்று பதில் வந்ததும், அவர்கள் இருக்கும் இடத்துக்கே நானும் போகிறேன் என்று காலை வெளியே எடுத்துவிட்டானாம். 719ல் அவன் ஞானஸ்நானம் பெறாமலே இறந்தான். கதை அவன் காலத்துக்குப் பிறகு எழுதப்பட்டது, அப்படியே நடந்ததா என்பது சந்தேகம்தான். ஆனால் அதை எழுதி வைத்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரிந்திருக்கிறது.

சரி, வேதத்துக்கு வருவோம். இரண்டு விஷயங்களை வேதம் அழுத்தமாகச் சொல்கிறது, இரண்டையும் நாம் கையில் வைத்திருக்க வேண்டும். இரட்சிப்பு கிறிஸ்துவால் மட்டுமே என்பது ஒன்று. "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று அவரே சொன்னார், வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை என்று பேதுரு சொன்னார். இதைத் தளர்த்திப் பேச எனக்கு மனசு வராது. மற்றது, எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பது தேவனுடைய சித்தம் என்று 1 தீமோத்தேயு இரண்டாம் அதிகாரம் சொல்வது. கிறிஸ்துவைக் கேள்விப்படும் வாய்ப்பே இல்லாமல் எத்தனையோ தலைமுறைகள் வந்து போயிருக்கின்றன. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்பதில்தான் கிறிஸ்தவர்கள் பிரிகிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். 'கிறிஸ்துவால் மட்டுமே இரட்சிப்பு' என்பதும், 'கிறிஸ்துவைப் பற்றிக் காதால் கேட்டவருக்கு மட்டுமே இரட்சிப்பு' என்பதும் ஒன்றில்லை. ஆபிரகாம் இயேசு என்ற பெயரைக் கேட்டதில்லை, சிலுவையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் அவர் விசுவாசத்தால் நீதிமானானார் என்று பவுல் அடித்துச் சொல்கிறார். மெல்கிசேதேக்கு ஆபிரகாமின் வம்சத்தில்கூட வராதவர், எங்கிருந்து தேவனை அறிந்தார் என்று ஒரு வரி விளக்கமும் இல்லை, உன்னதமான தேவனுடைய ஆசாரியன் என்று வந்து ஆபிரகாமையே ஆசீர்வதித்துவிட்டுப் போகிறார். இவர்களும் மீட்கப்பட்டது கிறிஸ்துவின் இரத்தத்தால்தான் என்று சபை எப்போதும் நம்பி வந்திருக்கிறது. அவருடைய கிரியை அவரைப் பற்றிய செய்தி போய்ச் சேராத இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்புறம் குழந்தைகள். பிறந்து சில மணி நேரத்தில் இறந்துபோகும் குழந்தை எந்தச் சுவிசேஷத்தைக் கேட்டது? இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள் என்று பெயரெடுத்த, இங்கிலாந்தில் கூடி வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை எழுதிய புராட்டஸ்டண்ட் இறையியலாளர்களே 1646ல், தெரிந்துகொள்ளப்பட்ட (அதாவது, இரட்சிப்புக்கென்று தேவன் முன்குறித்த) குழந்தைகளும், வார்த்தையின் ஊழியத்தால் அழைக்கப்பட இயலாத நிலையில் இருக்கும் தெரிந்துகொள்ளப்பட்ட மற்றவர்களும், ஆவியானவரின் வழியாகக் கிறிஸ்துவால் இரட்சிக்கப்படுகிறார்கள் என்று எழுதி வைத்தார்கள். அடுத்த பத்தியிலேயே, கிறிஸ்தவ விசுவாசத்தை அறிக்கையிடாதவர்கள் இயற்கை தரும் வெளிச்சத்தின்படி எவ்வளவு நன்றாக வாழ்ந்தாலும் இரட்சிக்கப்பட முடியாது என்றும் எழுதினார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பாருங்கள், அவர்களாலும் கதவை முழுக்கச் சாத்த முடியவில்லை.

உங்கள் குழுவை நடத்துகிறவரின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பலவீனமான பக்கம் இல்லை. ரோமர் 10ல் பவுல் கேட்கிறார், கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று. ரோமர் 1ல், படைப்பின் மூலமாகவே தேவனை அறியலாம், அறிந்தும் மனுஷர் அவரை மகிமைப்படுத்தவில்லை, ஆகையால் சாக்குச் சொல்ல இடமில்லை என்கிறார். அதாவது, கேட்காததற்காக யாரும் தண்டிக்கப்படுவதில்லை, செய்த பாவத்துக்காகத்தான் நியாயத்தீர்ப்பு என்பது இவர்கள் வாதம். 1974ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கூடிய இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் வெளியிட்ட உடன்படிக்கையும், இயற்கையின் வழியாகத் தேவனைப் பற்றிய ஓரளவு அறிவு எல்லாருக்கும் உண்டு, ஆனால் அது இரட்சிக்காது என்றே சொல்கிறது. இந்த நம்பிக்கையோடு வீடு வாசலை விட்டுப் போய், போன இடத்திலேயே மரித்த மிஷனரிகளை நினைத்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவர்கள் கல் நெஞ்சுக்காரர்கள் இல்லை.

ஆனால் ரோமர் 1ஐ வாசித்தவர் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதியார் அதற்கேற்ற கிரியைகளை இதயத்தில் எழுதப்பட்டதாகக் காட்டுகிறார்கள், அவர்களுடைய மனச்சாட்சி அவர்களைக் குற்றப்படுத்தும், அல்லது குற்றமில்லை என்றும் சாட்சி சொல்லும் என்று ரோமர் 2 சொல்கிறது. இந்த 'அல்லது' சின்னச் சொல்தான், பவுல் அதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியிருக்கிறார்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உதவிய அதிகாரம் அப்போஸ்தலர் 10. கொர்நேலியு ரோமப் படையில் நூற்றுக்கு அதிபதி. யூதன் இல்லை, கிறிஸ்தவன் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறான், தூதன் வந்து நிற்கிறான், வந்தவன் முதலில் சொல்வது என்ன? "உன் ஜெபங்களும் உன் தருமங்களும் தேவனுக்கு நினைப்பூட்டுதலாக அவர் சந்நிதியில் வந்தெட்டியிருக்கிறது." இயேசுவின் பெயரில் ஒரு வார்த்தை ஜெபிக்கத் தெரியாத ஒரு மனுஷனுடைய ஜெபம் சந்நிதி வரைக்கும் போயிருக்கிறது. மறுநாள் நடுப்பகலில் யோப்பாவில் பேதுரு பசியோடு மேல்வீட்டில் இருக்கும்போது ஒரு தரிசனம்: தீட்டானவை என்று அவர் நினைத்த மிருகங்களோடு ஒரு துப்பட்டி வானத்திலிருந்து இறங்குகிறது, தேவன் சுத்தமாக்கினதைத் தீட்டு என்று எண்ணாதே என்று ஒரு சத்தம், மூன்று தரம். கொர்நேலியுவின் வீட்டுக்கு வந்து நின்று பேதுரு சொல்கிறார்: தேவன் பட்சபாதமுள்ளவரல்ல, எந்த ஜனத்தானாக இருந்தாலும் அவருக்குப் பயந்து நீதி செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்று நிச்சயமாய் அறிந்திருக்கிறேன். அப்போஸ்தலன், மூன்று வருடம் இயேசுவோடு நடந்தவர், இதை இப்போதுதான் அறிகிறேன் என்கிறார்!

மாற்றுக் கருத்துள்ளவர்கள் உடனே அடுத்த அதிகாரத்தைக் காட்டுவார்கள். 11ஆம் அதிகாரத்தில், நீ இரட்சிக்கப்படுவதற்கான வார்த்தைகளைப் பேதுரு சொல்லுவான் என்று தூதன் சொன்னதாக வருகிறது, ஆகவே கேட்கும்வரை கொர்நேலியு இரட்சிக்கப்படவில்லை என்பார்கள். நியாயமான பாயின்ட். நானும் இதை எளிதாகத் தாண்டிப் போக மாட்டேன். ஆனாலும் எனக்குப் படுவது இதுதான்: அந்த வீட்டுக்குப் பேதுரு வருவதற்கு வெகு முன்பே தேவன் வந்துவிட்டார். பேதுரு பேசி முடிக்கும்வரைகூட ஆவியானவர் காத்திருக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டார்.

13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதே கொர்நேலியுவை வைத்துத்தான் ஒரு பதில் சொன்னார். காட்டில் விலங்குகளோடு வளர்ந்த ஒருவன், யாரும் அவனுக்கு எதுவும் சொன்னதில்லை, ஆனால் மனச்சாட்சி காட்டியபடி நன்மையைத் தேடித் தீமையை விலக்கி நடக்கிறான், அவன் கதி என்ன என்று கேள்வி. தேவன் அவனுக்கு உள்ளுக்குள் வெளிப்படுத்துவார், அல்லது கொர்நேலியுவிடம் பேதுருவை அனுப்பியதுபோல் ஒரு ஊழியனை அனுப்புவார், இதை உறுதியாக நம்பலாம் என்றார். அவருக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், வார்த்தையானவரின், அதாவது கிறிஸ்துவின், விதை எல்லா மனுஷருக்குள்ளும் விதைக்கப்பட்டிருக்கிறது, அதன்படி வாழ்ந்த சாக்ரடீஸ் போன்றவர்களும் கிறிஸ்தவர்களே என்று எழுதியிருந்தார். சுவிட்சர்லாந்தின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி ஸ்விங்லி 1531ல், பரலோகத்தில் சாக்ரடீஸையும் பார்க்கலாம் என்று பிரான்ஸ் அரசனுக்கு எழுதினார், லூதருக்கு அதில் கடும் கோபம். ஆக, சீர்திருத்தத் தலைவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபை வந்த தூரம் இன்னும் பெரிது. 1442ல் ஃபுளோரன்ஸ் சங்கம் (சங்கம் என்றால் திருச்சபைத் தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் பேரவை), சாவதற்குமுன் சபையில் சேராத புறமதத்தார் நித்திய அக்கினிக்குப் போவார்கள் என்று ஆணை வெளியிட்டது. அடுத்த ஐம்பது வருடத்துக்குள் ஐரோப்பியர்கள் அமெரிக்காவைக் கண்டார்கள், சுவிசேஷத்தின் வாசனையே படாத கண்டங்கள் இருக்கின்றன என்று தெரிந்தது, இறையியலாளர்கள் திரும்ப உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று. 1964ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு தேவனைத் தேடி, கிருபையின் உதவியால் மனச்சாட்சி காட்டும் அவருடைய சித்தத்தைச் செய்ய முயன்றால், அவர்களும் மீட்பை அடையலாம் என்று எழுதியது. கிருபையின் உதவியால் என்பதைக் கவனியுங்கள், நல்லவர்கள் தங்கள் நற்செயலால் தப்பித்துக்கொள்கிறார்கள் என்று அந்தச் சங்கமும் சொல்லவில்லை.

மரணத்துக்குப் பின் ஒரு வாய்ப்பு உண்டு என்கிறவர்களும் இருக்கிறார்கள், 1 பேதுரு 3, 4 அதிகாரங்களைக் காட்டுவார்கள். அந்த வசனங்களின் பொருள் அவ்வளவு தெளிவாக இல்லை, அதன்மேல் பாரத்தை ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் எல்லாருமே இரட்சிக்கப்படுவார்கள் என்பதும் உண்டு, ஆனால் இயேசுவே அவ்வளவு தெளிவாக எச்சரித்திருக்கும்போது அதை என்னால் ஒரு நிச்சயமாகப் போதிக்க முடியாது.

இயேசு சொன்ன இரண்டு காரியங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எஜமானுடைய சித்தத்தை அறிந்த ஊழியக்காரன் அநேக அடிகள் அடிக்கப்படுவான், அறியாதவன் சில அடிகள், அதிகம் கொடுக்கப்பட்டவனிடத்தில் அதிகம் கேட்கப்படும் என்றார். கோராசீன், பெத்சாயிதா ஊர்களைப் பார்த்து, உங்களில் செய்த அற்புதங்களைப் புறஜாதிப் பட்டணங்களான தீருவிலும் சீதோனிலும் செய்திருந்தால் அவர்கள் அப்பொழுதே மனந்திரும்பியிருப்பார்கள் என்றார். யாருக்கு என்ன வெளிச்சம் கிடைத்தது, கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். உங்கள் பாட்டியை அவர் விசாரிக்கும்போது கையில் இருக்கப்போவது உங்கள் பாட்டியின் கணக்கு மட்டும்தான், பேதுருவின் கணக்கோ என்னுடைய கணக்கோ கிடையாது.

ஆகவே என் நிலை என்ன என்றால், உங்கள் பாட்டி இரட்சிக்கப்பட்டிருந்தால் அது இயேசுவின் சிலுவையால்தான், அவர் அந்தப் பெயரை அறியாதிருந்தாலும். அது நடந்திருக்க முடியும் என்று நான் நம்புகிறேன், நடந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன், நடந்துவிட்டது என்று உங்களுக்குச் சான்றிதழ் எழுதித் தர என்னால் முடியாது. இங்கிலாந்துப் போதகர் ஜான் ஸ்டாட் போன்ற உறுதியான இவாஞ்சலிக்கல் தலைவரே இந்த விஷயத்தில் தெரியாது என்று ஒப்புக்கொண்டு நிற்பதுதான் கிறிஸ்தவனுக்கு ஏற்றது என்று சொன்னார்.

அப்படியானால் எதற்கு ஊழியம், கேட்காதவர்கள் பாட்டுக்குத் தப்பித்துக்கொள்வார்கள், நாம் போய்ச் சொல்லி அவர்களை ஆபத்தில் மாட்டிவிடுவானேன் என்று உங்கள் குழுவில் கட்டாயம் கேட்பார்கள். கொர்நேலியுவைத்தான் திரும்பக் காட்டுவேன். அவனுடைய ஜெபம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தும் தேவன் பேதுருவை விடவில்லை, கிளம்பிப் போ என்றார். அறியாமை யாரையும் இரட்சிக்காது, கிருபைதான் இரட்சிக்கும். தேடிக்கொண்டிருக்கிறவனுக்கு, நீ தேடியவரின் பெயர் இது, அவர் உனக்காக மரித்தார், எழுந்தார் என்று சொல்லாமல் இருப்பது எந்த விதத்தில் அன்பு? நீங்கள் ஏற்றுக்கொண்ட அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த சந்தோஷத்தை, ஐயோ இவள் தெரியாமலே இருந்திருக்கலாமே என்று யாராவது நினைப்பார்களா?

இனி உங்கள் ஜெபம். அழுகைதான் வருகிறது என்றால் அழுதுவிடுங்கள், அதை ஜெபம் இல்லை என்று யார் சொன்னது? சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதிலிருந்து பத்து வரைக்கும் பேரம் பேசினார், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார், கர்த்தர் கோபித்துக்கொள்ளவில்லை, கடைசிவரை நின்று பதில் சொன்னார். நீங்களும் அதே வார்த்தையை வைத்துக் கேளுங்கள், பாட்டியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதைக் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் செய்கிறார்கள், நம் புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் செய்வதில்லை. அந்தச் சர்ச்சைக்குள் போகாமலே, அவர் உங்களை வளர்த்த ஒவ்வொரு நாளுக்காகவும் தேவனுக்கு நன்றி சொல்லலாம். அந்த அன்பு எங்கிருந்து அவருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பாட்டியை உங்களைவிடக் குறைவாக நேசிக்கிற ஒரு தேவனை நான் வேதத்தில் பார்க்கவில்லை, சகோதரி.

குழு நடத்தும் அண்ணனிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த முறை கூடும்போது அப்போஸ்தலர் 10, 11 அதிகாரங்களைச் சேர்த்து வாசிக்கலாமா என்று கேளுங்கள். தூதன் வந்ததற்கும் பேதுரு வந்து சேர்ந்ததற்கும் இடையில் நாலு நாள், பத்தாம் அதிகாரம் முப்பதாம் வசனத்தில் கொர்நேலியுவே சொல்கிறான். அண்ணா, இரண்டாம் நாள் ராத்திரி கொர்நேலியு இறந்திருந்தால், சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்த அந்த ஜெபங்கள் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.